நாளைக்கு என்று சொன்னவர்

கேள்வி கேட்டவரின் முகத்தை முதலில் ஒரு தடவை பார்ப்பார். பதில் அதற்குப் பிறகுதான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "கப்பல் நிக்குது. நாளைக்குப் பாருங்கோவன்" என்பார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பிளாட்டின் மாடிப்படியில், லிஃப்ட் ஓடாத அந்த மாதங்களில், அநேகமாக எல்லாக் காலையும் இது நடந்தது. கேட்கிற ஆள் மாறும், முகம் மாறும், பதில் மாத்திரம் அப்படியே இருக்கும்.

நாங்கள் அவரைக் கப்பல் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். இப்போது எந்த நாட்டில், எந்த மாடிப்படியில், யாருடைய முகத்தைப் பார்த்துக் கண்ணாடி துடைக்கிறாரோ தெரியாது. அவரைச் சங்கடப்படுத்துவது என் எண்ணமில்லை. ஆனால் அவரை மறக்கவும் என்னால் முடியவில்லை. ஒரு நாட்டுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், வகுப்பில் படித்த வரைபடத்துக்கு முன்னால் அவருடைய முகம்தான் எனக்கு வருகிறது.

அந்த வருடம் பெற்றோல் செட்டுகளில் பெற்றோல் இல்லை. கடைகளில் காஸ் சிலிண்டர் இல்லை. மின்சாரம் வந்து வந்து போனது. அம்மா பல்கனியில் மூன்று செங்கல் வைத்து, உடைந்த கதிரையின் காலை எரித்துப் பருப்பு அவித்தாள். மேல்மாடிக்காரர்கள் புகைக்குச் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த கிழமை அவர்களும் செங்கல் வாங்கினார்கள். நான் படித்த கம்பஸ் மூடிக் கிடந்தது. செய்ய ஒன்றுமில்லாமல், எதையாவது தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாமல், நான் போனில் கப்பல் வரைபடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சின்னச் சின்னக் குறிகளாகக் கடலில் தெரியும். ஓடுகிற கப்பல் அம்பு மாதிரி, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் வட்டம் மாதிரி. தொட்டால் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்லும். எனக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் வளைகுடாவில் இருந்து காஸ் கப்பல் புறப்பட்டதா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து பெற்றோல் கப்பல் திரும்பியதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தோண்டி எடுப்பதில்லை, முழுக்க முழுக்கக் கடலால்தான் வருகிறது என்பது எனக்கு அதற்கு முன்பும் தெரியும்தான். ஆனால் அது ஒரு வட்டமாக, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது என்று தெரிவது வேறு.

ஏனென்றால் கப்பல்கள் வந்திருந்தன. அதுதான் அந்தக் காலத்தின் கொடுமை. துறைமுகத்துக்கு வெளியே, மொட்டை மாடியில் ஏறினால் கண்ணுக்கே தெரிகிற தூரத்தில், வயிறு நிறைய எண்ணெயோடு நின்றன. டொலர் கட்டினால்தான் உள்ளே வந்து குழாயைப் பொருத்துவார்கள். டொலர் இல்லை. துறைமுகத்திலிருந்து கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகிற குழாய்கள் எங்கள் பக்கத்து நிலத்துக்குள்ளால்தான் போகின்றன. அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாக வாகனங்கள் நின்றன.

அந்தக் கப்பல்களில் ஏறி இறங்குகிற ஒரே மனிதர் எங்கள் பிளாட்டில் இருந்தார். வெளியே நிற்கிற கப்பல்களுக்கு மரக்கறி, குடிதண்ணீர், மருந்து, சிம் காட் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கொம்பனியில் அவர் வேலை. சாமான் ஏற்றிய வள்ளத்தில் போய், கயிற்றேணியில் ஏறுவார். அறுபது வயதில், தோல் சப்பாத்தோடு. "கன்வஸ் சப்பாத்துப் போட்டா வழுக்காதே அங்கிள்" என்று கேட்டால், "கப்டனுக்கு முன்னால போறம் பிள்ளை, ஒரு மரியாதை வேணும்" என்பார். கிட்டப் போனால் வெங்காய மணம் அடிக்கும்.

அவரிடம் கேட்டு வெறுங்கையோடு திரும்பினவர் கிடையாது. தண்ணீர் வராத நாளில் "பின்னேரம் வந்திடும்." என் பரீட்சை முடிவு பிந்தியபோது "நல்லாத்தான் வரும், அதுதான் பிந்துது." மன்னார்க் கடலுக்கு அடியில் காஸ் இருக்கிறதாமே என்று ஒரு நாள் படியில் பேச்சு வந்தது. நான் கேட்டபோது, "ஓம் ஓம், உன்ர பிள்ளையளின்ர காலத்தில குழாயால வீட்டுக்கே வரும்" என்றார். கொஞ்சம் பின்னால் ஏறி வந்த நான்காம் மாடித் தாத்தா மூச்சு வாங்கிக்கொண்டே அதையே கேட்டார். அங்கிள் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். "உங்கட காலத்திலேயே வந்திடும் ஐயா."

நான் சிரித்துவிட்டேன். தாத்தா என்னை முறைத்தார். அவர் அன்று மற்ற நாட்களைவிட வேகமாகப் படி ஏறினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "கப்பல் நிண்டாத்தானே அவருக்கு மரக்கறி விக்கலாம்" என்றாள் ஒருநாள், அடுப்பை ஊதிக்கொண்டே. "உள்ளுக்கு வந்தா ஒரு நாள் வியாபாரம். வெளியில நிண்டா ஒரு மாச வியாபாரம். மனுசன் ஏன் அந்தரப்படப் போகுது?"

"அவரா அம்மா கப்பலை நிப்பாட்டி வச்சிருக்கிறார்?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? வாயை மூடிக்கொண்டு அந்தக் கதிரைக் காலை எடு."

ஆனால் அந்த வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு நானும் அவரை உற்றுக் கவனிக்கத் தொடங்கினேன்.

கீழ்மாடியில் ரிஸ்வான் நானா இருந்தார், த்ரீவீலர் ஓட்டுகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; சொல் என்பது அவர் வாயில் செல் என்றும், இருக்கு என்பது ஈக்கி என்றும் வரும். அவருடைய மனைவி ஃபர்ஹானாவுக்கு முதல் பிள்ளை, நாள் நெருங்கிவிட்டது. நானா அந்த மாதம் முழுக்க வாடகைக்கு ஹயர் ஓடவில்லை. வண்டியில் கிடந்த எண்ணெயை அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வைத்திருந்தார். வண்டிக்குத் துணி போட்டு மூடி, பூட்டி, யாராவது பக்கத்தில் போனால் கதவைத் திறந்துகொண்டு வந்து பார்ப்பார். வருமானம் இல்லை. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியே போனது. ஃபர்ஹானா மாத்திரம் பகிடி விடுவாள்: "எனக்கிப் பக்கத்தில இப்பிடி ஒரு நாளும் இந்த மனுசன் காவலிருந்ததில்ல, தங்கச்சி. அந்த வண்டிதான் இவருக்கு மூத்த பொண்டாட்டி."

ஒரு காலையில் நான் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் சப்பாத்தும் கையுமாக இறங்கி வந்து, எனக்குச் சில படி மேலே நின்று போனில் கதைத்தார். வீடியோ அழைப்பு. மறுமுனையில் கப்பல் சமையல்காரர், தூத்துக்குடிக்காரர். குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, இன்னைக்கு காய்கறி வேணாம். எதையும் ஏத்த வேணாம்னு கேப்டன் சொல்லிட்டாரு."

"ஏன், என்ன நடந்தது?"

"கிளம்புறோம் அண்ணாச்சி. கம்பெனி எண்ணெயை வேற ஊருக்கு வித்துட்டானாம். எத்தனை நாளைக்கு நிக்கிறது? நீங்களும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொன்னீங்க. நான் வீட்ல பிள்ளைங்ககிட்ட அதையேதான் சொல்லிட்டு இருந்தேன்."

எனக்கு அந்தக் கணத்தில்தான் ஒன்று விளங்கியது. இவர் கரையில் இருக்கிற எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. கப்பலில் இருந்தவர்கள் எங்கள் டொலரைக் கேட்டபோது அவர்களுக்கும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அவர்களைக் காட்டி, அவர்களுக்கு எங்களைக் காட்டி. நடுவில் ஒரு வள்ளம்.

அங்கிள் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து ரிஸ்வான் நானா கீழேயிருந்து என்னைத் தாண்டி ஓடி வந்தார். முகம் பளபளத்தது.

"அங்கிள், ஒரு கதை செல்லுங்க. எயார்போர்ட் ஹயர் ஒண்டு வந்தீக்கி. வெளிநாடு போற குடும்பம். நல்லாத் தாறாங்க. வண்டில ஈக்கிற எண்ண போய் வரச் சரி. ஆனா இவக்கி வெச்ச எண்ண. இண்டைக்கி எரிச்சிட்டா நாளைக்கி எனக்குக் கிடைக்குமா?"

நான் முந்திக்கொண்டேன். "நானா, போன் மெப்பில அது இன்னும் வெளியிலதான் நிக்குது. உள்ளுக்கு வரயில்ல. அதோட இப்ப அங்கிளோட கதைச்சவர் …"

"தங்கச்சி, நீங்க போன்ல பாக்கிறீங்க. அங்கிள் கப்பல்லயே ஏறிப் பாக்கிறாரு." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "செல்லுங்க அங்கிள்."

அங்கிள் அவர் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். எனக்கு நானாவின் பின்கழுத்துதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"நாளைக்கு வந்திடும் மகன். நீ போயிட்டு வா."

நானா இரண்டு படியாகத் தாவி இறங்கினார். நான் எழுந்து பின்னால் ஓடினேன். "நானா, நில்லுங்க, கப்பல் போகப் போகுதாம்" என்று கத்தினேன். வண்டியின் துணியை உருவி எறிந்துகொண்டே சிரித்தார். "எண்ணக் கப்பல் ஒண்டா ஈக்கி தங்கச்சி? ஒண்டு போனா ஒண்டு. அங்கிள் செல்லிட்டாரு." வண்டி கிளம்பியது. பெற்றோல் எரிகிற சத்தத்தை எங்கள் குறுகிய ஒழுங்கையில் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பல்கனிகளில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மத்தியானம் வட்டம் அம்பாக மாறியது. போக வேண்டிய இடம் என்ற கட்டத்தில் கொழும்பு போய் வேறொரு பெயர் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். அங்கிள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் கதிரையில் இருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. சப்பாத்து மாத்திரம் காலில் இருந்தது.

"அங்கிள், ஏன் நானாவுக்கு அப்பிடிச் சொன்னீங்கள்? விடியவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் பிள்ளை."

"பிறகு?"

அவர் கையை விரித்தார். "அந்த முகத்துக்கு நான் வேற என்னத்தைச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், மரக்கறி வியாபாரத்தை. அவருடைய மோட்டார் சைக்கிள் கீழே நின்றது ஞாபகம் வந்தது. "உங்கட சைக்கிளில எண்ணெய் இருக்குதெல்லோ. அதையாவது நானாவுக்குக் குடுங்கோ."

"அதில இல்லைப் பிள்ளை. ஒருத்தருக்கு அரைப் போத்தல், ஒருத்தருக்குக் கால் போத்தல். கேக்கேக்க குடுத்திட்டன். இப்ப ஒரு மாசமா நான் துறைமுகத்துக்கு நடந்துதான் போறன்."

தினமும் படியில் எல்லாருக்கும் முன்னால் அவர் ஏன் அவ்வளவு நேரத்தோடு இறங்குகிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

மூன்றாம் நாள் ஃபர்ஹானாவுக்கு வலி கண்டது. நல்ல வெயில் நேரம். நானா வண்டியை உதைத்தார், உதைத்தார், அது இருமிவிட்டுச் செத்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம். எடுத்தவர் அன்பாகத்தான் கதைத்தார், எண்ணெய் இருக்கிற வண்டிகள் எல்லாம் ஓட்டத்தில் இருக்கின்றன, நேரம் எடுக்கும் என்றார். ஒழுங்கையில் யாரிடமும் எண்ணெய் இல்லை. இருந்தவர்கள் இல்லை என்றார்களா, உண்மையாகவே இல்லையா, அந்த நேரத்தில் ஆராய முடியாது. நானா ஃபர்ஹானாவைத் தூக்கிப் பின்சீட்டில் இருத்தினார். அம்மா உள்ளே ஏறி அவளைப் பிடித்துக்கொண்டாள். "தள்ளுவம்" என்றார் நானா.

தள்ளினோம். நானா ஹேண்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் ஓட, பின்னால் நான், நான்காம் மாடித் தாத்தாவின் மகன், இன்னும் இரண்டு பேர். ஒழுங்கை முனையில் தோல் சப்பாத்தோடு அங்கிள் வந்து சேர்ந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, தோளைக் கொடுத்தார். ஆமர் வீதியில் பெற்றோல் வரிசை. ஆளில்லாத த்ரீவீலர்கள், உள்ளே நித்திரை கொள்ளுகிற சாரதிகள். வண்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஒரு சிங்களப் பொடியன் எழுந்து பார்த்தான். "இன்ன அய்யே, அபித் தல்லு கரன்னம்" என்றான், நில்லுங்கள் அண்ணா, நாங்களும் தள்ளுகிறோம் என்று; வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டுத் தள்ள வந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் உடனே அந்த இடைவெளிக்குள் தன் வண்டியை நகர்த்தினான். பொடியன் திரும்பிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், ஆனால் திரும்பிப் போகவில்லை.

ஃபர்ஹானா முதலில் கலிமா ஓதினாள். பிறகு நானாவைத் திட்டினாள். பிறகு திட்டவும் முடியாமல் அம்மாவின் கையைக் கடித்தாள். ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவில், பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலால் எங்களைப் பார்த்தாள். எங்கள் எல்லாரையும் விட்டு அவரைத்தான் கேட்டாள்.

"அங்கிள், கிட்டத்தானே? இன்னும் கொஞ்சந்தானே?"

நாங்கள் எல்லாரும் அந்தப் பதிலுக்குத் தயாராக இருந்தோம். இந்தா வந்திட்டம் மகள். எனக்கே அது வேண்டியிருந்தது. என் கை எரிந்தது. அங்கிளின் கண்ணாடி வியர்வையில் மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் வண்டியில் இருந்தன.

"இல்லை மகள். இன்னும் கன தூரம் இருக்கு. மருதானைப் பாலம் வரேல்ல. அது ஏத்தம்."

ஃபர்ஹானா அவரையே பார்த்தாள். "அப்ப நான் இப்பவே கத்தி முடிக்கப்படாது, என்ன" என்றாள். அம்மாவிடமிருந்து தண்ணீர்ப் போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

பாலத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் வண்டி எங்கள் மேல் பின்னால் வந்தது, யாரோ ஒரு கல்லைத் தூக்கிச் சில்லுக்கு அடியில் போட்டார்கள், மூச்சு விட்டோம், கல்லை எடுத்தோம், தள்ளினோம்.

ஆசுபத்திரி வாசலில் அவளை உருளுகிற கட்டிலில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை இல்லை. சுவரோரம் குந்தினோம். அங்கிள் நானாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மகன், அண்டைக்கு நீ கேக்கேக்கயே எனக்குத் தெரியும். கப்பல் போகப்போகுதெண்டு விடியவே போன் வந்தது."

நானா நிமிரவில்லை. உள்ளங்கையில் ஹேண்டிலின் தடம் சிவப்பாக இருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் அங்கிள்."

"தெரியுமே?"

"தங்கச்சி வாசல்ல நிண்டு கத்தினா. எனக்குக் காது ஈக்கிதானே." கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அந்த ஹயர் வேணும். அதுக்கு ஆராச்சும் போ எண்டு செல்லவேணும். உங்கள்ட்ட கேட்டா செல்லுவீங்க எண்டு தெரியும். அதான் கேட்டன்."

அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். இந்தப் பதிலைவிட நானா அவரை அடித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை நாளும் படியில் அவரை மறித்த முகங்கள் எல்லாம், நான்காம் மாடித் தாத்தா, அம்மா, நான், செய்தி கேட்கத்தான் மறித்தோமா?

பொழுது சாய்கிற நேரம் ஒரு நேர்ஸ் வந்து சிங்களத்தில் சொன்னார். பெண் பிள்ளை. பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் பிந்தி வந்தது, சூடு கொடுக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், தாய்க்கு நிறைய இரத்தம் போயிருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நானா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரை விட்டுவிட்டு நானும் அங்கிளும் நடந்து திரும்பினோம். அம்மா அங்கேயே நின்றுகொண்டாள்.

எங்கள் படிக்கட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். கீழ்ப் படியிலிருந்து மேல் வரைக்கும்.

"பெண் பிள்ளை" என்றார் அங்கிள். "பெட்டிக்குள்ள வச்சிருக்கினம். தாயும் பிள்ளையும் இருக்கினம்."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். யாரோ கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு, ஒரு மரியாதையான இடைவெளி விட்டு, நான்காம் மாடித் தாத்தா கேட்டார்.

"கப்பல்?"

அங்கிள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தார்.

"கப்பல் போயிட்டுது ஐயா. முந்தநாளே போயிட்டுது. அடுத்தது எப்ப எண்டு எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது."

ஆட்களுக்கு நடுவில் வழி கேட்டு மேலே ஏறினார். தோல் சப்பாத்துச் சத்தம் ஒவ்வொரு மாடியாகப் போய், ஒரு கதவு சாத்தியது.

யாரும் கலையவில்லை. தாத்தா என்னைத்தான் பார்த்தார். நான் போனை எடுத்து அந்த அம்பைக் காட்டினேன். அதற்குள் அது தீவின் தென்முனையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என் கையோடு சேர்த்துப் போனைத் தள்ளினார்.

"பாவம், மனுசன் வண்டி தள்ளிக் களைச்சுப் போச்சு" என்றார் மற்றவர்களிடம். "என்ன கதைக்கிறன் எண்டே அவருக்குத் தெரியேல்ல. விடுங்கோ, நாளைக்குக் கேப்பம்."